வரியும் மரியாதையும்: ஊர்த் திருவிழா யாரை ஊராக்குகிறது?

கேள்வி

கோயில் திருவிழா ஊரை ஒன்றுசேர்க்கிறது என்பது தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் காப்புக் கட்டிய சேதி கேட்டு ஊர் திரும்புகிறார்கள். பேச்சு நின்றுபோன பங்காளிகள் ஒரே பந்தலடியில் நிற்கிறார்கள். அதே தமிழ்நாட்டில் திருவிழாக் காலம் என்பது கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும் காலமும்கூட. தேர் நின்றுபோகிறது, கோயிலுக்குப் பூட்டு விழுகிறது, ஊர் முகப்பில் காவல்துறை வண்டி வந்து நிற்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத செய்திகளாகவே பேசப்படுகின்றன. முதலாவதைப் பண்பாடு என்கிறோம், இரண்டாவதைச் சட்டம் ஒழுங்கு என்கிறோம்.

திருவிழாவில் எழும் சச்சரவு, சமயம் தன் சமூகப் பணியைச் செய்யத் தவறியதன் அறிகுறியா, அல்லது அந்தப் பணிக்குள்ளேயே அடங்கியதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏற்கெனவே முழுமையாக இருக்கும் ஒரு சமூகத்தைத் திருவிழா ஒன்றுகூட்டுவதாகக் கொள்வது போதாது. அந்தச் சமூகத்தில் யார் உண்டு, யார் எந்த வரிசையில் உண்டு, யார் உழைக்க மட்டும் உண்டு என்பதைத் திருவிழா ஆண்டுதோறும் எல்லோர் முன்னிலையிலும் பதிவு செய்கிறது. வரி, மரியாதை, ஊழியம் ஆகிய மூன்றும் அந்தப் பதிவின் கருவிகள். சச்சரவு எழுவது இந்தப் பதிவைத் திருத்தக் கோருவோருக்கும் திருத்த மறுப்போருக்கும் இடையில்தான்.

ஒருமைப்பாடு என்னும் விளக்கம்

சமயத்தின் சமூகப் பணியைப் பற்றிய நவீன விவாதத்தில் எமில் துர்க்கைமைத் தாண்டிச் செல்ல முடியாது. 1912-இல் வெளிவந்த சமய வாழ்வின் மூல வடிவங்கள் பற்றிய நூலை அவர் மத்திய ஆஸ்திரேலிய மக்களின் குலக்குறி வழிபாட்டை வைத்து எழுதினார். ஆஸ்திரேலியாவுக்கு அவர் சென்றதில்லை. ஸ்பென்சர், கில்லன் ஆகிய இருவரின் பதிவுகளே அவருக்கு முதன்மை ஆதாரம். ஆண்டின் பெரும்பகுதியைச் சிறு குழுக்களாகச் சிதறி உணவு தேடுவதில் கழிக்கும் மக்கள், சடங்கு நாட்களில் ஓரிடத்தில் திரள்கிறார்கள். அந்தத் திரளில் பொங்கும் உணர்ச்சியில் தம்மை மிஞ்சிய ஒரு சக்தியை உணர்ந்து அதற்குக் குலக்குறியின் உருவத்தைக் கொடுக்கிறார்கள். அவர்கள் வணங்குவது உண்மையில் தம் சமூகத்தையே என்பது துர்க்கைமின் முடிவு. புனிதம் குறித்த நம்பிக்கைகளும் செயல்களும் தம்மைப் பின்பற்றுவோரை ஒரே அறச் சமூகமாகப் பிணைக்கின்றன என்றும் அவர் வரையறுத்தார்.

உறுமிச் சத்தம் ஏற ஏறச் சாமியாடிக்கு அருள் வருவதையும், சுற்றி நிற்கும் கூட்டம் மொத்தமும் குலவையிட்டுச் சிலிர்ப்பதையும் கண்டவர்கள் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். இந்தியாவில் இதை விரிவாகப் பொருத்திப் பார்த்தவர் எம்.என். சீனிவாஸ். குடகு மக்களின் சமயத்தைப் பற்றி 1952-இல் வெளிவந்த அவரது நூல், ராட்கிளிஃப்-பிரௌன் வழியாக வந்த துர்க்கைமின் பார்வையைக் கொண்டது. குடும்பம், ஊர், நாடு என ஒவ்வொரு மட்டத்திலும் சடங்கு எப்படி அந்தந்த அளவிலான ஒருமைப்பாட்டைக் காட்டுகிறது என்று அது விளக்குகிறது. கள விவரங்களைக் கூர்ந்து தருவதில் அந்நூலுக்கு இணையானவை குறைவு. ஆனால் ஊர்த் திருவிழாவில் தாழ்த்தப்பட்ட சாதியினருக்குக் குறிக்கப்பட்ட வேலைகளைப் பதிவு செய்யும் இடங்களிலும், அவ்வேலைகள் ஊரின் ஒற்றுமைக்குச் சான்றாகவே வாசிக்கப்படுகின்றன. அந்த வேலையைச் செய்ய மறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுவதில்லை.

சமயத்தின் பணிகளை 'ஒருமைப்பாடு, கட்டுப்பாடு, ஆறுதல்' என்று பட்டியலிடும் நம் கல்லூரிக் குறிப்பேடுகள் இன்றும் இங்கேயே நிற்கின்றன. சமூகவியலோ வெகுநாள் முன்பே இதைக் கடந்துவிட்டது. எழுத்தில்லாத சிறு சமூகங்களில் கண்டதைப் பல சமயங்களும் பல பிரிவுகளும் உள்ள சமூகங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்று ராபர்ட் மெர்ட்டன் 1949-இலேயே எச்சரித்தார். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரை இன்னும் நுட்பமானது. ஜாவாவின் சிறுநகர் ஒன்றில் ஒரு சிறுவன் இறந்துபோகிறான். துக்கத்தை ஆற்றி அக்கம்பக்கத்தாரை இணைக்க வேண்டிய ஈமச்சடங்கு, குடும்பத்தின் அரசியல் சார்பைக் காரணம் காட்டிச் சமய அலுவலர் நடத்த மறுத்ததால் இடையில் நின்று எல்லோரையும் பதறவைக்கிறது. சடங்கு பழைய ஊருக்குரியதாகவும், சமூக உறவுகள் புதிய நகரத்துக்குரியவையாகவும் ஆகிவிட்டதால் விளைந்த பிளவு இது என்பது கீர்ட்ஸின் விளக்கம்.

தமிழ்நாட்டுத் திருவிழாச் சச்சரவுகளுக்கும் இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆயினும் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பு ஒத்திசைந்திருந்த சடங்கும் சமூகமும் நவீன காலத்தில்தான் முரண்பட்டன என்று அது அனுமானிக்கிறது. தமிழகக் கோயில்களின் வரலாற்றில் அப்படிச் சச்சரவற்ற பொற்காலம் எதையும் காட்டுவது கடினம்.

வரி: உறுப்பினர் பட்டியல்

திருவிழாவின் தொடக்கம் பூச்சாட்டோ காப்புக்கட்டோ அல்ல, ஊர்க்கூட்டம். அங்கே முடிவாகும் முதல் விஷயம் தலைக்கட்டு வரி எவ்வளவு என்பது. மணமான ஆண் ஒருவரைத் தலையாகக் கொண்ட ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. சில ஊர்களில் கைம்பெண் நடத்தும் குடும்பத்துக்கு அரை வரி, சில ஊர்களில் வரியே இல்லை. இதைச் சலுகை என்பார்கள். ஆனால் அரை வரி கொடுப்பவருக்கு ஊர்க்கூட்டத்தில் முழுக் குரல் இருப்பதில்லை. முளைப்பாரி எடுப்பதும் மாவிளக்குச் சுமப்பதும் பொங்கல் வைப்பதும் பெண்கள்; வரி நோட்டில் தலையாக வருவது ஆண்.

கோயிலுக்கு நன்கொடை யாரும் கொடுக்கலாம். வெளிநாட்டில் சம்பாதித்தவர் ராஜகோபுரமே கட்டித் தரலாம். வரி அப்படியல்ல. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தொகை. அதை வாங்கிக்கொள்வது ஊரின் உரிமை. ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தை விலக்கிவைக்க நினைத்தால் முதலில் செய்வது அந்த வீட்டில் வரி வாங்க மறுப்பதுதான். சாதி மாறித் திருமணம் செய்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள் மேல் வழக்குப் போட்டவர்கள், உள்ளாட்சித் தேர்தலில் ஊர் முடிவுக்கு மாறாக நின்றவர்கள் எனப் பலர் இப்படி விலக்கப்பட்ட செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. 'எங்கள் வரியை வாங்கச் சொல்லுங்கள்' என்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும் மக்களை உலகில் வேறு எங்கும் காண்பது அரிதாகத்தான் இருக்கும். அரசுக்குக் கட்ட வேண்டிய வரியைத் தவிர்க்க வழி தேடும் அதே மனிதர், கோயிலுக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டியே தீருவேன் என்று வழக்காடுகிறார்.

துர்க்கைமின் 'அறச் சமூகம்' தமிழ்நாட்டு ஊர்களில் கையால் எழுதிய நோட்டாகவே இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர் அச்சமூகம், இல்லாதவர் அல்லர். பக்தியின் அளவு இதில் பொருட்டே இல்லை. தெய்வத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் காலனித் தெருவில் பிறந்தவரிடம் பெரும்பாலான ஊர்களில் தலைக்கட்டு வரி வாங்கப்படுவதில்லை. அதே ஊரில் சாமி கும்பிடாத சுயமரியாதைக்காரர் வீட்டில், அவர் மனைவியிடமாவது வாங்கிவிடுகிறார்கள். நம்பிக்கையை முதன்மையாக வைத்துச் சமயத்தை ஆராயும் எந்தக் கோட்பாடும் இந்த எளிய நடைமுறையின் முன் தடுமாறும்.

மரியாதை: உள்ளே உள்ள வரிசை

வரியில் சமமாக நின்றவர்கள் மரியாதையில் வரிசைப்படுகிறார்கள். பரிவட்டம் யார் தலையில் முதலில் கட்டப்படுகிறது, திருநீறும் காளாஞ்சியும் எந்த முறையில் தரப்படுகின்றன, எந்த மண்டகப்படியில் சாமி எவ்வளவு நேரம் இறங்குகிறது என்பவை வெறும் அலங்காரங்கள் அல்ல. அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976-இல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். தென்னிந்தியக் கோயிலில் தெய்வம் ஓர் அரசர். பக்தர்கள் அவருக்குக் கொடுக்கிறார்கள். அவர் அதைப் பிரசாதமாகவும் மரியாதையாகவும் பகிர்ந்தளிக்கிறார். அந்தப் பகிர்வில் தனக்குரிய பங்கைப் பெறுபவரே பொதுவெளியில் ஓர் ஆளாகிறார். கல்லில் அமர்ந்த அரசர் வாய் திறந்து தீர்ப்புச் சொல்வதில்லை ஆகையால் பங்குச் சண்டையைத் தீர்க்க மனித அரசர் தேவைப்பட்டார். அரசர் போனபின் அந்த இடத்தில் ஆங்கிலேயரின் நீதிமன்றம் அமர்ந்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பற்றி அப்பாதுரை 1981-இல் வெளியிட்ட நூல், நீதிமன்றங்கள் சச்சரவுகளைத் தீர்ப்பதற்குப் பதில் புதிய உரிமையாளர் வகைகளை உண்டாக்கி வழக்குகளைப் பெருக்கிய கதையை ஆவணங்களோடு சொல்கிறது.

இந்த ஆய்வின் பயன், சச்சரவை ஒழுக்கக்கேடாகப் பார்க்கும் பழக்கத்திலிருந்து நம்மை விடுவிப்பது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் யார் பிரபந்தம் சேவிப்பது, எந்த வாழ்த்தை முதலில் சொல்வது என்பது பற்றி வடகலையாரும் தென்கலையாரும் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வருகிறார்கள். கல்வியோ நாகரிகமோ போதாததால் நடக்கும் சண்டை என்று இதைச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். ஊரகச் சாதிகளின் தேர்ச் சண்டையை மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

தமிழில் இந்தத் திசையில் தனித்து நிற்பது தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்'. ஒரு பெரிய வைணவக் கோயிலைச் சிற்பத்திலிருந்தோ தத்துவத்திலிருந்தோ தொடங்காமல், அதைச் சுற்றி வாழும் இடையர், கள்ளர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவுகளிலிருந்து அவர் அணுகினார். அழகர் கள்ளர் கோலம் பூண்டு மதுரைக்குப் புறப்படுவது அன்பின் வெளிப்பாடு மட்டுமல்ல, ஒரு கோயில் தன் வட்டாரத்தின் வலுவான மக்களோடு செய்துகொண்ட ஏற்பாடும்கூட என்று புரிந்துகொள்ள அந்நூல் வழி திறந்தது. ஆயினும் மரியாதை ஏற்பாடுகள் யாரையெல்லாம் இணைத்தன என்பதை அது சொல்லும் அளவுக்கு, இணைக்கும் அந்த வேளையிலேயே யாரை எந்தப் படியில் நிறுத்தின என்பதைச் சொல்வதில்லை. தொ.ப.வுக்குப் பின் வந்த நாட்டார் வழக்காற்றியலில் பெரும்பகுதி இணைப்பின் அழகிலேயே மயங்கிவிட்டது என்பது என் மதிப்பீடு. சிறுதெய்வ வழிபாட்டைப் பெருந்தெய்வ வழிபாட்டுக்கு எதிராக நிறுத்திப் போற்றும் ஆர்வத்தில், சிறுதெய்வக் கோயிலின் வரி நோட்டை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஊழியம்: உள்ளே இருக்கும் வெளியார்

அப்பாதுரையின் சட்டகம் பங்கு கேட்கும் தகுதி உடையவர்களின் சண்டையைத்தான் நன்றாக விளக்குகிறது. பங்கே இல்லாமல் திருவிழாவுக்கு இன்றியமையாதவர்களாக இருப்போரை அது விளக்குவதில்லை. காப்புக் கட்டியதை ஊருக்குச் சாட்டப் பறை வேண்டும். சாமி புறப்பட முன்னே கொட்டு வேண்டும். பந்தம் பிடிக்க, எல்லைக்குச் சோறு கொண்டுபோக, வெட்டிய கிடாயின் தலையை எடுக்க ஆள் வேண்டும். இவற்றைச் செய்தவர்கள் வரி நோட்டில் இல்லாதவர்கள். அவர்களை வெளியே நிறுத்தினால் திருவிழா நடக்காது, உள்ளே சேர்த்தால் திருவிழா சொல்ல வந்தது பொய்யாகிவிடும்.

இந்த இரட்டை நிலையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் ஆய்வாளர்கள் கடுமையாக வேறுபட்டிருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் எண்டவூரை ஆராய்ந்து மைக்கேல் மொஃபட் 1979-இல் வெளியிட்ட நூல், ஊர்த் திருவிழாவிலிருந்து விலக்கப்பட்டவர்கள் தம் குடியிருப்பில் அதே வரிசையும் அதே மரியாதையும் கொண்ட இன்னொரு திருவிழாவை நடத்துவதைக் காட்டியது. ஆகவே அவர்கள் சாதியின் மதிப்புகளை ஏற்றுக்கொண்டவர்களே என்று அவர் முடித்தார். லூயி துய்மோனின் தூய்மை-தீட்டுக் கோட்பாட்டை அடித்தட்டு வரை நீட்டும் முயற்சி இது. இதற்கு முன்பே, 1974-இல், ஜோன் மென்ச்சர் சாதியமைப்பைக் கீழிருந்து பார்த்தால் தெரிவது சுரண்டலே என்று எழுதியிருந்தார்.

மொஃபட் கண்ட நடைமுறையை மறுக்க வேண்டியதில்லை, அதற்கு அவர் கொடுத்த பொருளைத்தான் மறுக்க வேண்டும். ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் தனக்கென ஒரு திருவிழாவை நடத்துகிறார் என்பதிலிருந்து, அந்த வடிவம் தன்னை வெளியே நிறுத்தியதை அவர் ஒப்புக்கொண்டார் என்று வராது. ஒப்புதல் உண்மையானதாயின், நிலத்தின் மேலும் கூலியின் மேலும் இருந்த பிடி தளர்ந்தபோதும் அது தொடர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1990-களில் வடமாவட்டங்களிலும் தென்மாவட்டங்களிலும் தலித் இயக்கங்கள் பறையடிப்பதையும் சாவுச் சேதி சொல்வதையும் மறுக்கும் போராட்டங்களை ஊர் ஊராக நடத்தின. பதிலுக்குக் கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, பொதுப்பாதையில் நடக்கக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வந்தது. இப்படிக் கட்டாயப்படுத்திக் காக்க வேண்டிய ஒன்றைக் கருத்தொற்றுமை என்று சொல்ல முடியாது.

மாக்ஸ் வெபரின் விளக்கத்துக்கும் இதே கதிதான். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றிய தன் ஆய்வில் அவர், கர்மக் கோட்பாடு தாழ்ந்த நிலையில் இருப்பவரையும் தன் சாதிக் கடமையைச் செவ்வனே செய்யத் தூண்டுகிறது என்றார். அடுத்த பிறவியில் உயர்வு கிடைக்கும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். ஏடுகளை மட்டும் படித்தால் இந்த முடிவு தர்க்கப்படி சரியானது. ராமநாதபுரம் பகுதியில் பறையர் குடியிருப்பை ஆராய்ந்த ராபர்ட் தெலியேஜ் பதிவு செய்த தோற்றக் கதைகளில் கர்மம் வருவதில்லை. அண்ணன் தம்பி இருவரில் மூத்தவன் ஒரு தவறான புரிதலாலோ தம்பியின் சூழ்ச்சியாலோ தாழ்ந்துபோனான் என்பதே கதை. முற்பிறவிப் பாவம் அதில் இல்லை. இருப்பது இழந்த மூத்த உரிமை. இறந்த மாட்டைத் தூக்கியவன் மூத்தவன் என்று சொல்லும் மக்கள், வெபர் கருதியது போல் விதியை நொந்து அடங்கியவர்கள் அல்லர். அவர்களிடம் மறுக்கப்பட்ட பங்கின் நினைவு இருக்கிறது.

மார்க்ஸின் அபினி உவமை தமிழ் மேடைகளில் மிகவும் அடிபட்டுவிட்டது. 1844-இல் அவர் எழுதிய அந்தப் பகுதியிலேயே, சமயம் துன்பத்தின் வெளிப்பாடாக இருப்பதோடு துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் இருக்கிறது என்ற கருத்து உண்டு. மேடைகள் பெரும்பாலும் முதல் பாதியையே எடுத்துக்கொண்டன. திருவிழாவில் பங்கு கேட்பவர் மயக்கத்தில் இருப்பவர் என்றால், தேர் வடத்தைத் தொட வழக்கும் வெட்டுக்காயமும் தாங்கி நிற்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கோட்பாடு மாறினாலும்

சமயத்தின் சமூகப் பணி அதன் கோட்பாட்டிலிருந்து வருகிறதா, நடைமுறையிலிருந்து வருகிறதா என்பதைச் சோதிக்கத் தமிழகக் கத்தோலிக்க ஊர்கள் நல்ல களம். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த தேவாலயம் இரு கால்களாகப் பிரிந்தது. நடுவில் சுவர், ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். அந்தச் சுவர் 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் இடிக்கப்பட்டது. ஆ. சிவசுப்பிரமணியன் தமிழில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சிவகங்கை, ராமநாதபுரம் வட்டாரத்தில் ஓர் ஊரை நீண்ட காலம் ஆராய்ந்த டேவிட் மொஸ்ஸே, சந்தியாகப்பர் திருவிழாவில் மரியாதைகள் சாதி வரிசைப்படி வழங்கப்பட்டதையும், பின்னர் சேசு சபைக் குருக்கள் அவற்றைக் கலைக்க முற்பட்டதையும் 2012-இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். எறையூரில் 2008-இல் வெடித்த மோதலிலும் கேள்விகள் இவைதான்: எந்தத் தெரு வழியே சவ ஊர்வலம் போகலாம், யார் தெருவுக்குத் தேர் வரும், தலித் கிறித்தவர்களுக்குத் தனிப் பங்குத்தளம் உண்டா?

கடவுளின் முன் அனைவரும் சமம் என்று போதிக்கும் சமயத்தில் இந்த நடைமுறை நிலைத்தது, பிறப்பால் ஏற்றத்தாழ்வு போதிக்கும் சமயத்தைப் போலவே. சாதியின் வேர் சாத்திரத்தில்தான் இருக்கிறது, சாத்திரத்தை ஒழித்தால் சாதி ஒழியும் என்பது அம்பேத்கர் 1936-இல் வலியுறுத்திய வாதம். அதன் அரசியல் நேர்மை மறுக்க முடியாதது. ஆனால் தேவாலயச் சுவர்கள் காட்டுவது, சாத்திரத்தின் துணை இல்லாமலும் சடங்கால் சாதியைத் தாங்கி நிற்க முடியும் என்பது. இந்த இடத்தில் துர்க்கைம் வெபரைவிட நமக்கு நெருக்கமாகிறார்: சமயத்தின் சமூக வலிமை செயலில் இருக்கிறது.

சட்டம் கண்ட பக்தர்

இருபதாம் நூற்றாண்டின் ஆலயப் பிரவேச வரலாறு ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து பாஸ்கர சேதுபதி தரப்பு தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் நுழைந்தனர். 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் வந்தது. பின்னர் அரசமைப்பின் 17, 25 ஆகிய பிரிவுகள் வந்தன. இவை பெரிய மாற்றங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்தச் சட்டங்கள் மனத்தில் கொண்டிருந்த பக்தர் தனி ஆள். அவர் வாசலைக் கடந்து உள்ளே போகிறார், கும்பிடுகிறார், திரும்புகிறார். மதுரை போன்ற பெருங்கோயிலுக்கு இது போதும், அங்கே வருவோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஊர்க் கோயிலில் நடப்பது வேறு. அங்கே வழிபாடு என்பது வரி கொடுப்பதும் வடம் பிடிப்பதும் சாமி தன் தெரு வழியே வருவதும்தான். சட்டம் தரிசனத்தைத் தந்தது, பங்கைப் பற்றிப் பேசவில்லை. இந்த இடைவெளியை உச்ச நீதிமன்றமே 1958-இல் வெளிப்படுத்தியது. மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா இந்துக்களும் நுழையலாம், ஆனால் சில சிறப்புச் சடங்குகளைக் கௌட சாரஸ்வத பிராமணர்கள் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்று அது தீர்ப்பளித்தது. வாசல் பொதுவானது, மையம் பொதுவாகவில்லை.

கண்டதேவியில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தேவகோட்டை அருகே உள்ள சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் ஆனித் தேரை உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்னும் நான்கு நாடுகளின் நாட்டார்கள் முன்னின்று இழுப்பது மரபு. 1990-களின் பிற்பகுதியில் தலித் மக்கள் வடம் பிடிக்கும் உரிமையைக் கேட்டார்கள். கோயிலுக்குள் நுழையும் உரிமை அங்கே கேள்வியாகவே இல்லை. கேள்வி, நாட்டார் என்ற வட்டத்துக்கு வெளியே உள்ளவரின் கை வடத்தில் படலாமா என்பது. பல ஆண்டுகள் தேர் ஓடவில்லை. இடையில் ஓடிய சில ஆண்டுகளில் பெரும் காவல்படை நின்றது. பின்னர் மீண்டும் நெடுங்காலம் நின்று, நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின் 2024 ஜூனில் ஓடியது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் அரசு எடுத்த முடிவு இதைவிடக் கூர்மையானது. 2023-இல் தலித் இளைஞர்கள் நுழைந்ததை ஒட்டி மோதல் எழ, ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்கு முத்திரை வைத்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி பூசை செய்ய மட்டும் கதவு திறந்தது. பூசாரி உண்டு, தெய்வம் உண்டு, வழிபட ஒருவரும் இல்லை. சமூகத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் சமயம் எப்படி இருக்கும் என்று துர்க்கைமிடம் யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் காட்டியிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் காவல் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய் வழிபட்டார்கள்.

மரியாதை வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் அண்மை ஆண்டுகளில், முதல் மரியாதையை உரிமையாகக் கோர முடியாது என்ற நிலையைப் பலமுறை எடுத்திருக்கின்றன. சமத்துவ நோக்கில் இது சரி. ஆனால் மரியாதையை மட்டும் நீக்கி, வரி வாங்குவதில் நடக்கும் விலக்கத்தைத் தொடாமல் விட்டால், மேல் வரிசையின் சண்டை அடங்கும். கீழே உள்ள வேலி அப்படியே இருக்கும்.

பங்கு கேட்டவர்களும் விலகியவர்களும்

விலக்கப்பட்டவர்கள் எல்லோரும் உள்ளே வரவே விரும்பினார்கள் என்று கொள்வது பிழை. 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவு குறித்துப் பேசிய அயோத்திதாசருக்கு, உங்களுக்கு வேறு சாமிகள் இருக்கிறார்கள் என்ற பாணியில் பதில் வந்தது. அதன்பின் அவர் அந்தக் கோயிலைக் கேட்பதை விட்டு, கல்வியையும் நிலத்தையும் கேட்டார். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது அவர் செய்தது வேறொரு சமயத்தில் சேர்வது மட்டுமல்ல. தீபாவளி, கார்த்திகை போன்ற பண்டிகைகளுக்கே பௌத்த வரலாறு எழுதி, கொண்டாட்டத்தின் உரிமையாளர் யார் என்ற கணக்கை மாற்ற முயன்றார். சமயம் விடுதலை தரும் அடையாளமாகவும் ஆகலாம் என்று ஜி. அலோசியஸ் 1998-இல் விளக்கியது இதைத்தான்.

கமுதியில் தோற்ற நாடார்களின் வழி மூன்றாவது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் எழுதிய வரலாற்றில் இது தெளிவாக வருகிறது. அவர்களிடம் உறவின்முறையும் மகமையும் ஏற்கெனவே இருந்தன. வணிகத்தின் ஒவ்வொரு மூட்டையிலும் பிடித்த மகமையால் பத்திரகாளி கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. ஊர் வரி நோட்டில் இடம் கிடைக்காதவர்கள் தமக்கென ஒரு வரி நோட்டைத் தொடங்கினார்கள், அது சில தலைமுறைகளில் பழைய ஊரைவிட வலுவாக வளர்ந்தது. மொஃபட் 'அதே வடிவத்தைத் திரும்பச் செய்தல்' என்று சொன்னதை இங்கே ஒப்புதலாகப் படிக்க யாருக்கும் தோன்றாது. ஒரே செயலுக்கு, செய்பவரிடம் மூலதனம் இருக்கும்போது ஒரு பொருளும், இல்லாதபோது வேறு பொருளும் கொடுக்கும் ஆய்வு முறையை நாம் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு: புதிய நோட்டும் தனக்கென ஒரு வெளியை உண்டாக்கிக்கொள்கிறது.

விலகுவது எப்போதும் விலக்கப்பட்டவர்களின் வழியும் அல்ல. 2008 மே மாதம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது, சுவரை எழுப்பியவர்கள் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள். எல்லை போனபின் அந்த இடம் தமக்கு ஊராகத் தெரியவில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

இனி வேண்டியது

கோயில் கல்வெட்டுகளையும் தலபுராணங்களையும் செப்பேடுகளையும் தேடித் தேடிப் பதிப்பித்த மரபு நம்முடையது. ஊர்க் கோயில்களின் வரி நோட்டுகள், வசூல் ரசீதுகள், ஊர்க்கூட்டத் தீர்மானங்கள், மண்டகப்படி முறைப் பட்டியல்கள், அமைதிக் குழுக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு அந்த மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. அவை நாட்டாண்மை வீட்டு மரப்பெட்டியிலும் வட்டாட்சியர் அலுவலகக் கோப்பறையிலும் கிடக்கின்றன. ஆள் மாறினாலோ அலுவலகம் மாறினாலோ பழைய தாள் கடைக்குப் போய்விடுகின்றன. சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் தம் சொந்த ஊரின் நோட்டிலிருந்தே தொடங்கலாம். அதில் உள்ள பெயர்களைப் படியெடுத்தபின், அதே ஆண்டின் வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, இல்லாத பெயர்களையும் எழுதுங்கள்.